மகரக்கட்டுக்குப் பிறகு: குழந்தை நட்சத்திரத்தின் வேலை, வருமானம், வயது

தொலைக்காட்சியில் ஒரு பழைய படம் ஓடுகிறது. மழலை மாறாமல் வசனம் பேசி அரங்கையே கலங்கவைத்த அந்தச் சிறுவனுக்கு இன்று நரை கண்டிருக்கும். ‘அந்தக் குழந்தை நட்சத்திரம் இப்போது எங்கே இருக்கிறார்?’ என்று அவ்வப்போது ஒரு செய்தி வருகிறது. பரிதாபமும் வியப்பும் வதந்தியும் கலந்து நாலு நாள் பேசப்படுகிறது. பேச்சு அடங்கிய பிறகும் மூன்று கேள்விகள் தெளிவான விடையில்லாமல் நிற்கின்றன:

1. பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை வேலைக்கு வைப்பது குற்றம் என்றால், நடிக்க வைப்பது மட்டும் எப்படிக் குற்றமாகாமல் போகிறது?
2. குழந்தை சம்பாதித்த பணம் யாருக்குச் சொந்தம்? அது உண்மையில் யார் கைக்குப் போகிறது?
3. அவ்வளவு புகழ்பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர்ந்த பிறகு ஏன் திரையில் தொடர்வதில்லை?

மூன்றாவதிலிருந்து தொடங்கலாம். அதற்கான விடை சினிமா பேசத் தொடங்குவதற்கு முன்பே தமிழ் நாடக மேடையில் கிடைத்துவிட்டது.

மகரக்கட்டு என்றொரு சொல்

பாய்ஸ் கம்பெனி என்று அழைக்கப்பட்ட பாலர் நாடக சபைகளில் எல்லா வேடங்களையும் சிறுவர்களே ஏற்றார்கள். ராஜபார்ட் எனப்பட்ட நாயக வேடமும் சிறுவன்தான், ஸ்திரீபார்ட் எனப்பட்ட பெண் வேடமும் சிறுவன்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவற்றுள் புகழ்பெற்றது. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாகச் சேர்ந்து தொழில் கற்றது அங்கேதான். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் வெவ்வேறு காலங்களில் இத்தகைய கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. சாப்பாடு, தங்குமிடம், பாடம், பாட்டு, அடி எல்லாம் கம்பெனியில். சம்பளம் என்று ஒன்று இருந்தால் அது வீட்டுக்குப் போகும்.

அந்த மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டுமென்றால் உச்ச சுருதியில் பாடியாக வேண்டும். சிறுவனின் குரல் அதற்குத் தோதானது. ஆனால் பன்னிரண்டு, பதினைந்து வயதுக்குள் குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் கரகரத்து இறங்குகிறது. இதைத்தான் நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்றார்கள். நேற்று வரை கைதட்டல் வாங்கியவன் இன்று ஹார்மோனியத்தோடு சேர முடியாமல் திணறுவான். பாடத் தேவையில்லாத சில்லறை வேடத்துக்கு அவனை இறக்குவார்கள், அல்லது ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் நடிப்பில் குறை எதுவும் நேர்ந்திருக்காது. அவனுடைய உடம்பு வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

சினிமா வந்தபோது குரல் பிரச்சினை தீர்ந்தது. பின்னணிப் பாடகர் பாடுவார், டப்பிங்கில் வேறொருவர் பேசுவார். ‘களத்தூர் கண்ணம்மா’வில் ஐந்து வயதுக் கமல்ஹாசன் வாயசைத்த பாடலுக்குக் குரல் கொடுத்தவர் எம்.எஸ். ராஜேஸ்வரி. குரலை இப்படி இரவல் வாங்கலாம், முகத்தை வாங்க முடியாது. கன்னச் சதை வற்றுகிறது, பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிறது, கைகால் நீள்கிறது. மேடையில் தொண்டைக்கு வந்த மகரக்கட்டு கேமராவின் முன்னால் முகத்துக்கு வருகிறது என்று சொன்னால் மிகையாகாது.

குழந்தை நட்சத்திரத்தின் தொழிலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் பிடிபட வேண்டும். பெரிய நடிகரிடம் தயாரிப்பாளர் வாங்குவது பெயரையும் திறமையையும். குழந்தையிடம் வாங்குவதில் பெரும்பங்கு அதன் வயது. அந்த வயது மூன்று, நான்கு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். தீருவதற்குள் எத்தனை படம், எத்தனை விளம்பரம், எத்தனை தொடர் முடியுமோ அத்தனையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் பெற்றோரிடமும் ஏஜென்டிடமும் தொற்றிக்கொள்கிறது. சட்டம் எதற்காக எழுதப்பட்டது என்பதை இந்த அவசரத்தைக் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவு

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. அப்போது அது குறிப்பிட்ட சில ஆபத்தான தொழில்களை மட்டுமே தடை செய்தது. 2016இல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பதினான்கு வயது நிரம்பாத எந்தக் குழந்தையையும் எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று பொதுத் தடையாக மாறியது. கூடவே இரண்டு விதிவிலக்குகள் வைக்கப்பட்டன. ஒன்று, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் கைகொடுப்பது. மற்றது, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் போன்றவற்றில் கலைஞராகப் பங்கேற்பது. விளையாட்டும் இதில் சேரும். சர்க்கஸ் சேராது.

‘கலைஞர்’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் விரிவானது. நடிப்பவர் மட்டுமன்றிப் பாடுபவரும் அதில் அடக்கம். ஆகவே தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் பங்கேற்கும் சிறுவர்களும் இந்த வரையறைக்குள்தான் வருகிறார்கள். போட்டிதானே, வேலையல்லவே என்ற வாதம் சட்டத்தின் முன் எடுபடாது.

கதவு திறந்திருக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. 2017இல் சேர்க்கப்பட்ட விதிகள் அவற்றைப் பட்டியலிடுகின்றன. முக்கியமானவை இவை:

1. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.
2. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். குழந்தைகளின் பட்டியல், பெற்றோரின் ஒப்புதல், பாதுகாப்புக்குப் பொறுப்பேற்பவரின் பெயர் ஆகியவற்றோடு உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். அது ஆறு மாதத்துக்குத்தான் செல்லும்.
3. பள்ளிப் பாடம் தடைபடக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.
4. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளர் இருக்க வேண்டும்.
5. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாக நேரடியாகச் செலுத்த வேண்டும்.
6. குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் பங்கேற்க வைக்கக் கூடாது.

படம் தொடங்கும் முன் திரையில் ஓடும் அறிவிப்பும் இதே விதியிலிருந்து வந்ததுதான். படப்பிடிப்பின்போது குழந்தைகள் துன்புறுத்தப்படவோ சுரண்டப்படவோ இல்லை என்ற அந்த வரியைப் பலர் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். அது சட்டக் கடமை.

தடையை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பெருஞ்செலவில் எடுக்கப்படும் ஒரு படத்தின் கணக்கில் 50,000 ரூபாய் எந்த மூலைக்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

ஐந்து மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

விதியைக் காகிதத்தில் படித்தால் நிறைவாக இருக்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

காலை ஏழு மணிக்கு வண்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. எட்டு மணிக்குத் தளம். மேக்கப், உடை, தலையலங்காரம் என்று ஒரு மணி நேரம். பெரிய நடிகரின் கால்ஷீட் எப்போது முடிகிறதோ அதற்கேற்பக் காட்சிகளின் வரிசை மாறும். லைட் மாற்ற அரை மணி. குழந்தைக்கு இன்று இருப்பதே மூன்று ஷாட்தான், ஆனால் ஒன்று பதினொரு மணிக்கு, அடுத்தது மூன்று மணிக்கு, கடைசியானது விளக்கு வைக்கும் நேரத்துக்கு. கேமராவின் முன்னால் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம்கூட வராது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து கணக்கிட்டால் பன்னிரண்டு மணி நேரம்.

இதில் எது ‘வேலை’? குழந்தைக் கலைஞர்களுக்கான விதியின் வாசகம் மேக்கப் நேரத்தைப் பற்றியோ காத்திருக்கும் நேரத்தைப் பற்றியோ தனியாக எதுவும் சொல்வதில்லை. அதே சட்டத்தின் இன்னொரு பகுதியைப் பாருங்கள். பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களை நிறுவனங்களில் வேலைக்கு வைப்பது பற்றிய பிரிவு, ஓய்வும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரமும் சேர்த்தே ஒரு நாளில் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலையே கூடாது என்றும் சொல்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்த கை, ஆறு வயதுக் குழந்தைக்கு எழுதும்போது காத்திருப்பையும் இரவையும் விட்டுவிட்டது. இந்த விதிகளில் உள்ள பெரிய ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம்.

27 நாள் விதியிலும் இதே குறை உண்டு. 27 நாள் முடிந்தபின் எத்தனை நாள் ஓய்வு தர வேண்டும் என்று விதி குறிப்பிடவில்லை. ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடியும் எண்ணத் தொடங்கினால் வாசகத்தை மீறியதாகாது.

பணத்தின் வழி

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு மூன்று சட்டங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903லேயே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. எனவே குழந்தைக்காகப் பெற்றோர் கையெழுத்திடுகிறார்கள். கையெழுத்து யாருடையதோ காசோலையும் பெரும்பாலும் அவர் பெயருக்கே போகிறது.

இரண்டாவது, வருமான வரி. சாதாரணமாக மைனரின் வருமானம் பெற்றோரின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். ஆனால் குழந்தை தன் திறமையால் ஈட்டியது அப்படிச் சேர்க்கப்படாது, அது குழந்தையின் சொந்த வருமானம். குழந்தையின் பெயரிலேயே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். விந்தை என்னவென்றால், அதே பணத்தை வங்கியில் போட்டு வரும் வட்டி பெற்றோரின் கணக்கில் சேர்ந்துவிடும். எப்படியானாலும், சம்பாதித்தவர் குழந்தைதான் என்பதை வரித்துறை ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, 1956ஆம் ஆண்டின் இந்து மைனர், காப்பாளர் சட்டம். மைனரின் பெயரில் உள்ள நிலத்தையோ வீட்டையோ தகப்பனாரே ஆனாலும் நீதிமன்ற அனுமதியின்றி விற்க முடியாது. குழந்தையின் ரொக்கச் சம்பளத்தைச் செலவழிக்க அப்படி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாட்டி எழுதிவைத்த மூன்று சென்ட் மனைக்கு இருக்கும் காவல், ஐந்து வயதில் கண் கூசும் வெளிச்சத்தில் நின்று உழைத்த கூலிக்கு இல்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் 20 சதவீத விதி. இதன் மூலக்கருத்து அமெரிக்காவில், ஒரு குழந்தை நட்சத்திரத்தின் வழக்கிலிருந்து பிறந்தது. ஜாக்கி கூகன் 1914இல் பிறந்தவர். 1921இல் சார்லி சாப்ளினோடு ‘தி கிட்’ படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்றார். சிறுவனாக அவர் ஈட்டியது முப்பது லட்சம் டாலருக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. 21 வயதானபோது கையில் பணம் இல்லை. அன்றைய கலிபோர்னியா சட்டப்படி மைனரின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம். 1938இல் அவர் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குத் தொடுத்தார். கடைசியில் கிடைத்தது ஏறத்தாழ 1,26,000 டாலர். ஈட்டியதில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்குதான்.

அந்த வழக்கு எழுப்பிய கொதிப்பில் 1939இல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. கூகன் சட்டம் என்றே அதற்குப் பெயர். அதிலும் ஓட்டைகள் இருந்தன. 2000இல்தான் அது திருத்தப்பட்டு, குழந்தையின் வருமானம் குழந்தைக்கே சொந்தம் என்றும், மொத்த வருமானத்தில் 15 சதவீதத்தை அறக்கட்டளைக் கணக்கில் ஒதுக்க வேண்டும் என்றும் உறுதியானது. இதற்குள் 60 ஆண்டுகள் ஓடிவிட்டன. கூகன் 1984லேயே காலமாகிவிட்டார். தன் பெயரைத் தாங்கிய சட்டம் முழுமையடைந்ததை அவர் பார்க்கவில்லை.

இந்திய விதியின் 20 சதவீதம் கலிபோர்னியாவின் 15ஐவிட அதிகம்தான். எடுத்துக்காட்டாக, ஒரு படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்றால் 20,000 ரூபாய் வைப்புக்குப் போகிறது. மீதி 80,000 எப்படிச் செலவானது என்று யாரும் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. குழந்தையின் படிப்புக்கும் பயணத்துக்கும் செலவானால் நியாயமே. பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ தங்கள் வேலையை விட்டுவிட்டுத்தான் படப்பிடிப்புக்குத் துணை போகிறார்கள், அந்த இழப்பையும் மறுக்க முடியாது. ஆனால் வீட்டின் கடன், அண்ணன் படிப்பு, அக்கா கல்யாணம் என்று ஒரு குடும்பமே ஏழு வயதுத் தோள்களில் ஏறி உட்காரும்போது, ‘எனக்கு இன்று நடிக்க வேண்டாம்’ என்று அந்தக் குழந்தை எப்படிச் சொல்லும்? விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது என்ற விதி அந்த வீட்டில் செயலற்றுப் போகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விதியின் வாசகம் ‘குழந்தை’ என்கிறது. சட்டத்தின்படி குழந்தை என்றால் பதினான்கு வயது நிரம்பாதவர். பதினைந்து வயதில் நடிப்பவரின் சம்பளத்தில் 20 சதவீதத்தை ஒதுக்க வேண்டும் என்று இந்த விதி கட்டாயப்படுத்தவில்லை, அவரும் பதினெட்டு வரை மைனர்தான் என்றபோதிலும்.

பையன்களுக்கு ஒரு கணக்கு, பெண் பிள்ளைகளுக்கு வேறு

மகரக்கட்டு வந்தபின் என்ன நடக்கிறது? தமிழ்த் திரையில் இதற்குப் பொது விதி இல்லை, ஆனால் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் அறைகிறது.

பையன்களை எடுத்துக்கொள்வோம். கதாநாயகன் வேடத்துக்கு இருபதைத் தாண்டிய தோற்றம் வேண்டும். பன்னிரண்டு வயதில் குழந்தை வேடம் முடிந்தால் இடையில் எட்டு, பத்து ஆண்டுகள் வெறுமை. கமல்ஹாசன் 1960இல் அறிமுகமாகி 1963 வரை குழந்தையாக நடித்தார். வளர்ந்த நடிகராகக் கவனிக்கப்பட்டது 1973இல் ‘அரங்கேற்றம்’, நாயகனாக நிலைபெற்றது 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’. இடைப்பட்ட காலத்தில் அவர் டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் பயின்றார், நடனம் கற்றார், திரைப்பட நடன இயக்குநரிடம் உதவியாளராக வேலை செய்தார். பத்தாண்டுகள் முகம் மறைந்திருந்தது, தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. மகரக்கட்டின் வலியைத் தானே அறிந்த பாய்ஸ் கம்பெனி மரபு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிய இடம் அது. அவ்வையார் வேடத்தால் அவ்வை சண்முகம் என்று பெயர்பெற்ற அந்த ஆசிரியரின் நினைவாகவே 1996இல் ‘அவ்வை சண்முகி’ என்ற தலைப்பு வந்தது.

கமலின் கதையை விதியாகக் கொள்வது பிழை. அவர் விதிவிலக்கு. 1994இல் ‘நாட்டாமை’யில் பேசப்பட்ட மாஸ்டர் மகேந்திரன் 2013இல் ‘விழா’வில் நாயகனானார். ஆனால் பரவலான கவனம் திரும்பக் கிடைத்தது 2021இல் ‘மாஸ்டர்’ படத்தில் வில்லனின் இளவயதுப் பாத்திரத்தில்தான். 27 ஆண்டுகள்! அதுவரை தாக்குப்பிடித்ததே பெரிய காரியம்.

பெண் பிள்ளைகளுக்கு நிலைமை தலைகீழ். அவர்களுக்கு இடைவெளியே தரப்படுவதில்லை. ஸ்ரீதேவி 1963 ஆகஸ்டில் பிறந்தவர். ‘கந்தன் கருணை’யில் முருகனாகத் தோன்றியது 1967இல். 1976 அக்டோபரில் வெளிவந்த ‘மூன்று முடிச்சு’வில் நாயகியானபோது அவருக்கு 13 வயது. அதில் ரஜினிகாந்த் பாத்திரத்துக்குச் சிற்றன்னையாக வேறு நடித்தார். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அபாரமான திறமை. ஆனால் இன்றைய சட்டத்தின் அளவுகோலில் அந்தப் படப்பிடிப்பின்போது அவர் ‘குழந்தை’. ஐந்து மணி நேர வரம்பும் ஆட்சியர் அனுமதியும் தேவைப்பட்டிருக்கும் ஒரு சிறுமியிடம் மாற்றாந்தாய் வேடத்தைக் கொடுத்து யாரும் வியக்கவில்லை. மீனா 1984இல் ‘அன்புள்ள ரஜினிகாந்த்’தில் குழந்தை, 1993இல் ‘எஜமான்’ படத்தில் அதே ரஜினிக்கு ஜோடி. கதாநாயகனுக்கு வயது ஏறாத உலகத்தில் குழந்தை ஒன்பது ஆண்டுகளில் கதாநாயகி ஆகிவிடுகிறது.

சச்சு இதில் தனித்துத் தெரிபவர். 1950களின் தொடக்கத்தில் குழந்தை நடிகை, 1962இல் ‘வீரத்திருமகன்’ நாயகி, 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷோடு நகைச்சுவை. நாயகி என்ற பிடிவாதத்தை விட்டு நகைச்சுவைக்குப் போனதால் அவருடைய தொழிலுக்கு வயது வரம்பே இல்லாமல் போனது.

பெயருக்கு முன்னால் ஒட்டப்படும் அடைமொழியும் கவனிக்க வேண்டிய ஒன்று. டைட்டில் கார்டில் மாஸ்டர், பேபி, குமாரி, குட்டி என்று போடுவார்கள். ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில் 1965இல் இரட்டைப் பிறவிகளாக நடித்த பத்மினி பிறகு தொலைக்காட்சித் தொடர் தயாரிப்பாளராக உயர்ந்தார், இன்றுவரை குட்டி பத்மினிதான். அவரே அதை விரும்பி ஏற்றிருக்கலாம். ஆனால் புதிதாக வாய்ப்புத் தேடும் இளைஞனுக்கு அந்த ‘மாஸ்டர்’ சுமை. இயக்குநர் அவனைப் பார்க்கும்போதே பழைய பால்முகம் குறுக்கே வந்து நிற்கும்.

விருதுகள் உதவுகின்றனவா? ‘அஞ்சலி’க்காக மூன்று குழந்தைகளும், ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்துக்காகக் கீர்த்தனாவும், ‘காக்கா முட்டை’க்காக இரண்டு சிறுவர்களும் தேசிய விருது பெற்றார்கள். அந்த வயதின் நடிப்புக்கு அது முழுத் தகுதியான மதிப்பு. பதினெட்டு வயதில் வேலை தேடும்போது அது அனுமதிச் சீட்டாவதில்லை. தொடராமல் போனவர்களைத் ‘தோற்றவர்கள்’ என்று எழுதும் பழக்கத்தை ஊடகங்கள் கைவிட வேண்டும். ஏழு வயதில் அப்பா அம்மா தேர்ந்தெடுத்த வேலையைப் பதினேழு வயதில் வேண்டாம் என்று சொல்வது தோல்வியில் சேராது.

தொலைக்காட்சியின் இரண்டு முகங்கள்

தினசரித் தொடரில் குழந்தையின் வேலை சினிமாவைவிடக் கடுமையானது. படம் என்றால் சில வாரங்களில் முடியும். தொடர் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஓடும். வாரத்துக்கு ஐந்தாறு பகுதிகள் ஒளிபரப்பாக வேண்டும். கையிருப்புப் பகுதிகள் குறைந்துவிட்டால் இரவு பகல் தெரியாது. ஆறு மாத உறுதிமொழி, 27 நாள் வரம்பு, பாடம் தடைபடாத ஏற்பாடு ஆகிய மூன்றும் உண்மையில் சோதிக்கப்படுவது இங்கேதான். பிறகு ஒரு நாள் கதை பத்தாண்டு தாண்டும். அடுத்த வாரம் அதே பெயரில் வளர்ந்த நடிகை ஒருவர் வந்து நிற்பார். குழந்தையின் வேலை அன்றோடு முடிகிறது. நேற்று வரை அம்மா என்று அழைத்தவரிடம் விடைபெறக்கூட நேரமிருக்காது.

மறுமுகமும் உண்டு. திரையில் இடம் கிடைக்காத முன்னாள் குழந்தை நட்சத்திரங்களுக்குத் தொலைக்காட்சி மறுவாழ்வு தந்திருக்கிறது. ‘தேவர் மகன்’ படத்தில் சிறுமியாக வந்த நீலிமா ராணி தொடர்களில்தான் நீண்ட தொழிலை அமைத்துக்கொண்டார். சின்னத்திரை முகத்தின் வயதை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. அண்ணி, நாத்தனார், மாமியார் என்று எல்லா வயதுக்கும் வேடம் இருக்கிறது. ஜாக்கி கூகனுக்கும் இதுவே நடந்தது. மொட்டைத் தலையோடு, 1964 முதல் 1966 வரை ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ தொடரில் ஃபெஸ்டர் மாமாவாக வந்து புதிய தலைமுறையைச் சிரிக்க வைத்தார். அது பழைய ‘தி கிட்’ சிறுவன் என்று அந்தக் குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

மறு ஒளிபரப்பு பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நடிகர் சங்க ஒப்பந்தங்களின்படி மறு ஒளிபரப்புக்கு நடிகருக்குத் தொகை வரும். தமிழ்த் திரையில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. படம் நூறு முறை தொலைக்காட்சியில் ஓடினாலும் குழந்தைக்குக் கிடைத்தது அன்று கொடுத்த சம்பளம் மட்டும்தான். அதனால்தான் அன்று ஒதுக்கிய 20 சதவீதம் இவ்வளவு முக்கியமாகிறது. பிறகு வரப்போவது எதுவுமில்லை.

வீட்டுக்குள் வந்துவிட்ட கேமரா

2017 விதிகள் எழுதப்பட்டபோது அவற்றின் மனத்தில் இருந்தது தயாரிப்பாளர் ஒருவர், குழந்தை ஒன்று, நடுவில் பெற்றோர். தயாரிப்பாளர் ஆட்சியரிடம் விண்ணப்பிப்பார், பெற்றோர் ஒப்புதல் தருவார், தயாரிப்பாளர் வைப்பில் பணம் செலுத்துவார். ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் அமைப்பு இது.

இன்று அம்மாவின் கைப்பேசிதான் கேமரா. யூடியூப் சேனலின் உரிமையாளர் அப்பா. குழந்தை தினமும் காலையில் பல் துலக்குவதிலிருந்து இரவு தூங்குவது வரை காணொளி. விளம்பர வருமானம் பெற்றோரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. விண்ணப்பிக்க வேண்டியவரும், ஒப்புதல் தர வேண்டியவரும், வைப்பில் பணம் செலுத்த வேண்டியவரும் ஒரே நபர். படப்பிடிப்பு நேரம் எது, வீட்டு நேரம் எது என்று பிரிக்கவும் வழியில்லை.

தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வரைவு வழிகாட்டு நெறிகள் ஓடிடியையும் சமூக ஊடகத்தையும் சேர்த்துக்கொண்டன. வழிகாட்டு நெறிக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2024 ஜூலை முதல், பெற்றோரின் காணொளிகளில் தோன்றும் பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்குவதைக் கட்டாயமாக்கியது. கூகன் சட்டம் பிறந்த கலிபோர்னியாவும் 2025 ஜனவரி முதல் அதையே செய்கிறது. அங்கே கணக்கு வைத்திருக்க வேண்டியது பெற்றோர். எந்தக் காணொளியில் குழந்தை எவ்வளவு நேரம் வந்தது, அதற்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று எழுதிவைக்க வேண்டும். ஒதுக்கத் தவறினால் பெற்றோர் மீதே வழக்குத் தொடரப் பிள்ளைக்கு உரிமை உண்டு, 1938இல் கூகன் தொடுத்ததைப் போல.